எழுந்திருக்க ஒரு கட்டில்

நோய் ஒருவரின் கைகால்களை மெல்ல மெல்லக் கட்டிப்போடத் தொடங்கும்போது, வீட்டில் முதலில் பேச்சு எழுவது கட்டிலைப் பற்றித்தான். ஒருமுறை கீழே விழுந்திருப்பார். அல்லது விடியற்காலையில் படுக்கையை விட்டு எழ முடியாமல் அரைமணி நேரம் போராடியிருப்பார். அன்றைக்கே பிள்ளைகளில் ஒருவர் சர்ஜிக்கல் கடைக்குப் போய், தலைமாட்டைத் தூக்கி இறக்கும் இரும்புக் கட்டில் ஒன்றை வாங்கி வந்துவிடுவார். அக்கறையோடு செய்வதுதான். ஆனால் அந்த அவசரத்தில், படுக்க வசதியாக இருக்குமா என்ற ஒரு கேள்வியோடு விஷயம் முடிந்துவிடுகிறது. அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: இதிலிருந்து அவரால் எழ முடியுமா? படுக்கையில் புரள்வது, விளிம்புக்கு வந்து உட்கார்வது, காலூன்றி நிற்பது ஆகிய மூன்றையும் அவரே செய்துகொள்ளும் வரைக்கும் அவர் படுத்த படுக்கையாகிவிடவில்லை. கட்டிலின் உயரம், மெத்தையின் இறுக்கம், பக்கத்தில் தடுப்பு வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் இந்த மூன்றையும் வைத்தே முடிவுசெய்யவேண்டும் என்பது என் வாதம்.

உடம்பு முடியாதவருக்குப் படுக்கைதான் மருந்து என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் 1947-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் இந்த எண்ணத்தைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். படுக்கையிலேயே கிடந்தால் ரத்தம் உறைகிறது, தோல் புண்ணாகிறது, மூட்டு இறுகுகிறது, தசை கரைகிறது, மனமும் சோர்கிறது என்று உறுப்பு உறுப்பாக எடுத்துச் சொன்னார். அறுபது ஆண்டுகள் கழித்து, 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு அந்தச் சேதத்தை அளந்தே காட்டியது. நோய் எதுவும் இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்து பார்த்தபோது, கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை குறைந்திருந்தது. சிறிய ஆய்வுதான். ஆனாலும் நல்ல உடம்புக்கே பத்து நாளில் இவ்வளவு இழப்பு என்றால், நோய் ஏற்கெனவே தசையையும் நரம்பையும் தின்றுகொண்டிருக்கும் உடம்பு எவ்வளவு இழக்கும் என்று யோசிக்கவேண்டும். கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் வாசல் திண்ணைக்குமாக ஒருவர் நாளொன்றுக்குப் பத்து முறை கட்டிலிலிருந்து எழுந்தால், அந்தப் பத்தும் அவர் கால்களுக்குப் பயிற்சி. எழுவதைக் கடினமாக்கும் கட்டில் அந்தப் பயிற்சியைப் பறித்துக்கொள்கிறது. அதை யாரும் கவனிப்பதில்லை. நோய் முற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

எழுந்து நிற்பதில் உடம்பு என்ன செய்கிறது என்று பார்த்தால் உயரத்தின் முக்கியத்துவம் விளங்கும். விளிம்பில் உட்கார்ந்திருப்பவர் முதலில் இரு பாதங்களையும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்துக்கொள்கிறார். பிறகு முன்னால் குனிந்து, உடம்பின் பாரத்தைப் பாதங்களின் மேல் கொண்டுவந்து, தொடையை உந்தி எழுகிறார். இருக்கை தாழ்வாக இருந்தால் தொடைத்தசை உந்தவேண்டிய தூரம் அதிகம். பலம் குன்றியவர் பாதி எழுந்து மறுபடி தொப்பென்று உட்கார்ந்துவிடுவார். மிக உயரமாக இருந்தால் பாதம் தரையில் படாது. ஊன்ற இடமில்லாமல் வழுக்கித்தான் இறங்கவேண்டும். ஆகவே, தரையிலிருந்து அவருடைய முழங்கால் மடிப்பு வரைக்கும் உள்ள அளவுதான் ஆரம்பப் புள்ளி. கால் பலம் குறைந்தவருக்கு அதைவிட ஓரிரு அங்குலம் கூடுதலாக, இடுப்பு முழங்காலைவிடச் சற்று மேலே நிற்கும்படி இருக்கலாம். அளக்கவேண்டியது வெறும் கட்டிலை அல்ல. மெத்தை போட்டு, அதில் அவர் உட்கார்ந்து, மெத்தை அமுங்கியபின் இருக்கும் உயரத்தை. இன்னொன்றும் பார்க்கவேண்டும். துணிமணி வைக்கக் கீழே பெட்டி அடைத்த கட்டில்களில் குதிகால் பின்னால் போக இடமே இருக்காது. பாதத்தைப் பின்னிழுக்க முடியாவிட்டால் திடகாத்திரமானவருக்கே எழுவது சிரமம். வீட்டிலிருக்கும் பழைய தேக்குக் கட்டில், கீழே திறந்திருந்து உயரம் மட்டும் போதாமல் இருந்தால், தச்சரிடம் சொல்லி நான்கு காலுக்கும் நடுவில் குழி வெட்டிய கட்டை செய்து வைத்தால் போதும். பலருக்கும் முதல் சில ஆண்டுகள் இதற்குமேல் எதுவும் தேவைப்படாது. செங்கல்லை அடுக்கி வைப்பது மட்டும் கூடாது, ஒருநாள் சரியும்.

சர்ஜிக்கல் கடைக் கட்டிலில் இந்த உயரம்தான் பெரும்பாலும் பொருந்துவதில்லை. அங்கே 'செமி ஃபவுலர்', 'ஃபுல் ஃபவுலர்' என்று இரண்டு வகை காட்டுவார்கள். முதலாவதில் முதுகுப்பகுதி மட்டும் உயரும். இரண்டாவதில் முழங்கால் பகுதியும் உயரும். ஃபவுலர் என்பது ஓர் அறுவைசிகிச்சை நிபுணரின் பெயர். அமெரிக்காவின் ஜார்ஜ் ரையர்சன் ஃபவுலர், 1900-ஆம் ஆண்டு வாக்கில், வயிற்றுக்குள் சீழ் பரவிய நோயாளிகளின் தலைப்பக்கத்தை உயர்த்திப் படுக்கவைத்தால் சீழ் கீழே வடிந்து தங்கும் என்று கண்டு எழுதினார். வயிற்று அறுவை முடிந்து கிடக்கவேண்டியவருக்காக வந்த நிலை அது. மூச்சுத் திணறுகிறவருக்கும், புரையேறாமல் சாப்பிடவேண்டியவருக்கும் அது இன்றும் பெரிய உதவிதான். ஆனால் இந்த இரண்டு வகையிலும் கட்டிலின் தளம் பொதுவாக ஏறவோ இறங்கவோ செய்யாது. பல மாடல்களில் அது தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டடியில் நிலையாக நிற்கிறது. அதன்மேல் நான்கு அங்குல மெத்தை போட்டால் 28 அங்குலம். ஐந்தடி உயரமுள்ள நம் ஊர்ப் பாட்டி ஒருவரின் முழங்கால் மடிப்பு 15, 16 அங்குலத்தில் இருக்கும். ஓரடி வித்தியாசம்! அந்தக் கட்டிலில் அவர் கால் அந்தரத்தில் தொங்கும். நேற்றுவரை தாழ்ந்த மரக்கட்டிலிலிருந்து தானே எழுந்து போனவர், இன்று யாராவது வந்து இறக்கிவிடக் காத்திருப்பார். போதாததற்கு, முதுகைத் தூக்கும் கைப்பிடி கால்மாட்டில் இருக்கிறது. படுத்திருப்பவரால் அதை எட்டவே முடியாது. மின்சாரத்தில் இயங்குவது விலை கூடுதல்தான். ஆனால் ரிமோட் அவர் கையில் இருக்கும். நள்ளிரவில் தன் முதுகைத் தானே உயர்த்திக்கொள்ள முடிவது சின்ன விஷயமல்ல.

அப்படியென்றால் தாழ்வான கட்டில்தான் எப்போதும் நல்லதா என்று கேட்கலாம். பார்த்துக்கொள்கிறவரின் பக்கம் நின்று பார்த்தால் வேறு பதில் வரும். தாழ்ந்த கட்டிலில் கிடப்பவரைத் துடைத்து, உடை மாற்றி, புரட்டிப் போடும் மனைவிக்கோ மருமகளுக்கோ சில மாதங்களில் இடுப்பு போய்விடும். இது கட்டிலிலேயே இருக்கும் முரண். படுப்பவருக்குத் தாழ்வாகவும் பணிவிடை செய்பவருக்கு உயரமாகவும் ஒரே கட்டில் இருந்தாக வேண்டும். 1960-களில் பிரிட்டனில் கிங்ஸ் ஃபண்ட் என்ற அறக்கட்டளை மருத்துவமனைக் கட்டிலுக்குப் பொதுவான ஒரு வடிவத்தைத் தேடியது. ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் புரூஸ் ஆர்ச்சரின் குழு செவிலியரின் வேலையைக் கூர்ந்து கவனித்து அதை உருவாக்கியது. உயரத்தை ஏற்றி இறக்க முடிவது அந்தக் கட்டிலின் முக்கிய அம்சம். அன்று அவர்கள் கண்ட தீர்வுதான் இன்றும் தீர்வு. வசதி உள்ளவர்கள், முதுகை உயர்த்தும் வசதிக்குச் செலவழிப்பதற்கு முன்னால், தளமே ஏறி இறங்கும் கட்டிலுக்குச் செலவழிக்கலாம். அது கட்டுப்படியாகாத வீட்டில், யாருடைய உயரத்துக்கு வைப்பது என்பதை நோயின் கட்டம் சொல்லும். அவர் தானாக எழும் வரைக்கும் அவர் முழங்காலின் உயரம். இனி எழவே முடியாது, எல்லாம் படுக்கையில்தான் என்ற நிலை வந்தபின் பணிவிடை செய்பவரின் இடுப்புயரம். இந்த வரிசையை மாற்றி, இரண்டாவது கட்டத்துக்கான கட்டிலை முதல் கட்டத்திலேயே கொண்டுவந்து போடுவதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் தவறு.

நோய்க்கு நோய் இது மாறும் என்பதற்குப் பார்க்கின்சன் நல்ல எடுத்துக்காட்டு. 1817-இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நடுக்குவாதத்தைப் பற்றி எழுதிய சிறுநூலிலேயே படுக்கை வருகிறது. தூக்கத்திலும் தொடரும் நடுக்கம் கட்டிலின் திரைச்சீலைகளை மட்டுமின்றி அறையின் தரையையும் ஜன்னல் சட்டங்களையும்கூட அசைக்கும் என்று அவர் குறித்திருக்கிறார். ஆனால் இந்நோய் கண்டவர்களின் இரவைக் கெடுப்பதில் நடுக்கத்துக்கு இணையான இன்னொன்று, புரள முடியாமை. முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள தசைகள் இறுகி, தோளும் இடுப்பும் ஒன்றையொன்று தொடர்ந்து திரும்பாமல் உடம்பு ஒரே கட்டையாகிவிடுகிறது. மாலையில் போட்ட மாத்திரையின் பலம் நள்ளிரவுக்குமேல் தேய்ந்துபோக, விடியும் நேரத்தில் இறுக்கம் இன்னும் மோசமாகும். இவருக்கு மெத்துமெத்தென்ற மெத்தை பெரிய எதிரி. உடம்பின் சூட்டில் இளகிக் குழியும் மெமரி ஃபோமில் அவர் கிடக்கும் வடிவமே ஒரு பள்ளமாகிவிடும். பள்ளத்திலிருந்து புரண்டு எழப் பலம் வேண்டும். நாடாக் கட்டிலும் கயிற்றுக் கட்டிலும் நடுவில் தொய்வதால் இதே கதைதான். கூடவே அவற்றின் விளிம்புச் சட்டம் உட்கார்ந்தால் தொடையை அறுக்கும். நாள்பட்ட இலவம்பஞ்சு மெத்தை இடத்துக்கிடம் கட்டிகட்டியாகிவிடும். நல்ல அடர்த்தியுள்ள ஃபோமோ, மேலே ஃபோம் அடுக்கு வைத்த தென்னைநார் மெத்தையோ, விளிம்பில் உட்கார்ந்தால் சரிந்து இறங்காத இறுக்கத்தோடு இருப்பது உத்தமம். விரிப்பிலும் ஒரு வேலை இருக்கிறது. பருத்தி விரிப்பு உடையைப் பிடித்து இழுக்கும். இடுப்பு படும் இடத்தில் மட்டும் குறுக்காக வழவழப்பான சாட்டின் துணியைப் போட்டு மெத்தைக்கடியில் செருகினால் இடுப்பு எளிதாகத் திரும்பும். பாதம் படும் இடமும் விளிம்பும் பருத்தியாகவே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். கால்மாட்டில் முடிச்சுகள் போட்ட கயிற்றைக் கட்டிப் பிடித்து எழுவது சிலருக்கு உதவுகிறது. அகலம் குறைந்த கட்டிலில் புரள முதலில் ஓரத்துக்கு நகரவேண்டியிருக்கும் என்பதால், நோயாளிக் கட்டிலின் மூன்றடி அகலம் இவருக்குப் பல நேரம் போதாது.

விழுந்துவிட்டால் என்ன செய்வது, இரண்டு பக்கமும் கம்பி போட்டுவிட்டால் நிம்மதி அல்லவா என்பது இந்த வாதத்துக்கு எதிராக வரும் வலுவான மறுப்பு. விழுவதைப் பற்றிய பயம் நியாயமானது. இடுப்பெலும்பு முறிந்தால் பலர் அதற்குப்பின் நடப்பதே இல்லை. ஆனால் கம்பி அந்தப் பயத்துக்கு நல்ல மருந்தல்ல. 1985 முதல் 2009-இன் தொடக்கம் வரைக்கும், தடுப்புக்கம்பி உள்ள கட்டில்களில் நோயாளிகள் சிக்கிக்கொண்டதாக அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகத்துக்கு 803 தகவல்கள் வந்தன. அவர்களில் 480 பேர் இறந்துபோனார்கள். மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவே தலையோ கழுத்தோ மார்போ மாட்டிக்கொண்டு, தன்னை விடுவித்துக்கொள்ளப் பலமில்லாதவர்கள் இவர்கள். இத்தகைய விபத்துகளைத் தடுக்கத்தான் 2006-இல், தலை நுழையக்கூடிய இடைவெளிகள் 120 மில்லிமீட்டருக்குள் இருக்கவேண்டும் என்று அந்த நிர்வாகம் வழிகாட்டியது. புத்தி தடுமாறுகிறவர், இரவில் குழம்பி எழுகிறவர், கம்பியைத் தடையாக எடுத்துக்கொள்வதில்லை. ஏறித் தாண்டப் பார்ப்பார். அப்போது விழும் உயரம் கம்பியளவு கூடிவிடுகிறது. தானே எழக்கூடியவருக்கோ கம்பி ஒரு சிறை. கழிப்பறைக்குப் போகவேண்டுமென்றால் கூப்பிட்டுக் காத்திருக்கவேண்டும். விழும் பயத்துக்கு இதைவிட நல்ல பதில்கள் இருக்கின்றன. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவில் மட்டும் நிற்கும் குட்டையான கைப்பிடி, புரளவும் எழவும் பிடிப்புக் கொடுக்கும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரைக்கும் மங்கலான இரவு விளக்கு வேண்டும். சக்கரமிருந்தால் பூட்டும், சக்கரமில்லாவிட்டால் டைல்ஸ் தரையில் நகராதபடி ரப்பர் அடியும் வேண்டும். எழுந்ததும் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றுகிறவர் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு நிற்கவேண்டும்; அதற்கும் பாதம் தரையில் படும் உயரம்தான் தேவை.

படுக்கைப்புண்ணைப் பற்றிய கவலை அடுத்தது. வாட்டர் பெட், ஏர் பெட் என்று யாரோ சொன்னதும், புண் வரும் முன்பே வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். புண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் எப்போது எது தேவை என்பதும் தெரியும். எலும்பு தோலுக்கருகில் இருக்கும் இடங்களில், முக்கியமாக முதுகின் கீழ்நுனி, குதிகால், இடுப்பின் பக்கவாட்டில், உடம்பின் பாரம் ரத்தக்குழாய்களை நசுக்குகிறது. அதே நிலையில் நேரம் போகப் போகத் தசை உள்ளுக்குள்ளேயே செத்துவிடுகிறது. முதுகை உயர்த்தியபின் உடம்பு மெல்லச் சரிந்து இறங்கும்போது, தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள எலும்பு மட்டும் நழுவுவதும் இதே சேதத்தைச் செய்யும். அதனால்தான் முதுகை நீண்ட நேரம் 30 பாகைக்குமேல் உயர்த்தி வைக்காமல் இருப்பதும், உயர்த்துவதற்கு முன் முழங்கால் பகுதியை உயர்த்திக்கொள்வதும் நல்லது. தானே புரள்கிறவருக்கு அந்தப் புரளல்தான் முதல் பாதுகாப்பு. காற்றும் நீரும் நிறைந்த மெத்தையில் கை ஊன்றினால் அது அமிழும். விளிம்பில் உட்கார்ந்தால் சரியும். புரள்கிறவரைப் புரளவிடாமல் செய்துவிட்டு, புரளாததால் வரும் புண்ணுக்குக் காவல் போடுவது என்ன நியாயம்? புரளவே முடியாதவருக்கு ஏர் பெட் உதவும். ஆனால் அதன்மேல் நாம் வைக்கும் நம்பிக்கை அதற்குத் தகுந்ததைவிடப் பெரிது. பிரிட்டனில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்துச் செய்து 2019-இல் வெளியான ஆய்வு, காற்றறைகள் மாறிமாறி உப்பி இறங்கும் மெத்தைக்கும் உயர்தர ஃபோம் மெத்தைக்கும் புண் வருவதைத் தடுப்பதில் தெளிவான வித்தியாசம் காணவில்லை. எதில் படுத்தாலும் நேரத்துக்கு நேரம் திருப்பிப் போட்டாகவேண்டும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கடியில் தலையணை வைத்தாகவேண்டும். தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்த்தாகவேண்டும். ஏர் பெட் போடுகிறவர்கள், மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் காற்று நிற்கும் என்று கடையிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. பம்பை அவர் எடைக்கேற்பத் திருப்பி வைத்து, இடுப்புக்கு நேராக மெத்தைக்கடியில் கைவிட்டுப் பார்க்கவேண்டும். எலும்பு கையில் இடித்தால் காற்று போதவில்லை. பக்கக்கம்பி இருக்கும் கட்டிலில் இந்த மெத்தையைப் போட்டால் படுக்கும் தளம் உயர்ந்து, கம்பியின் உயரம் குறைந்துவிடும் என்பதையும் கணக்கில் வைக்கவேண்டும்.

எப்படியும் நோய் வளரப்போகிறது, பின்னால் தேவைப்படுவதை இப்போதே வாங்கினால் ஒரே செலவு என்ற வாதத்தில் குடும்பப் பொருளாதாரத்தின் நியாயம் இருக்கிறது. அதைத் தள்ளிவிட முடியாது. சில நோய்களில் அதுவே சரியும்கூட. மோட்டார் நியூரான் நோயில் பலருக்குப் பலவீனம் மாதக்கணக்கில் பரவும். உதரவிதானம் தளர்ந்தபின் மட்டமாகப் படுக்கவே முடியாது. அங்கே முதுகும் உயரமும் மாறும் மின்கட்டிலை முன்கூட்டியே ஏற்பாடுசெய்வதுதான் புத்திசாலித்தனம். பக்கவாதத்தில் போக்கு நேர்மாறு. முதல் மாதங்களில் மோசமாக இருந்து பிறகு தேறுகிறவர்கள் நிறைய. அவருக்காக வாங்கிய கட்டில் ஆறு மாதத்தில் அவருக்கே இடைஞ்சலாகலாம். அங்கே கட்டிலைவிட முக்கியம், எந்தப் பக்கம் சுவரில் ஒட்டியிருக்கிறது என்பது. பலமுள்ள பக்கமாக இறங்கினால் எளிது, கமோடு நாற்காலியும் அந்தப் பக்கமே இருக்கலாம். பயிற்சிக்காகப் பலவீனமான பக்கமாக எழச் சொல்கிற பிசியோதெரபிஸ்ட்டும் உண்டு, அவர் சொல் கேட்கவேண்டும். பார்க்கின்சனோ ஆண்டுக்கணக்கில் மெதுவாகப் போகும். பத்தாண்டு கழித்து வேண்டியதை இன்றே வாங்கினால், நடுவிலுள்ள ஆண்டுகளின் நடமாட்டத்தை விலையாகக் கொடுக்கிறோம். செலவுக்கு வழி இருக்கிறது. நம் நகரங்களில் நோயாளிக் கட்டிலை மாத வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. சில ஊர்களில் சேவைச் சங்கங்கள் இலவசமாகவே கொடுத்து வாங்குகின்றன. கட்டம் மாறும்போது கட்டிலும் மாறலாம். 2021-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி நிவாரணச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. வருகிறவரிடம் மருந்தையும் பயிற்சியையும் மட்டும் கேட்காமல், அவர் கட்டிலிலிருந்து எழுவதைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்கலாம். ஐந்து நிமிடத்தில் அவர் காண்பது, கடைக்காரர் சொல்லும் எதையும்விடப் பயன்படும்.

கட்டில் எங்கே போடப்படுகிறது என்பதும் எழுவதைப் பாதிக்கும். வசதிக்காகப் பின்பக்க அறையில் போட்டுவிட்டால், எழுந்து போய்ப் பார்க்க அவருக்கு எதுவும் இருக்காது. கூடத்தில் போட்டால் வருகிறவர் போகிறவர் முன்னால் உடை மாற்றவேண்டியிருக்கும். பெண்களுக்கு அது தாங்க முடியாத கூச்சம். ஒரு திரைச்சீலை அதற்குப் போதும், ஆனால் அது வேண்டும் என்று யாருக்காவது தோன்றவேண்டும். குறைந்தது ஒரு பக்கத்திலாவது மூன்றடி காலியாக இருந்தால்தான் ஆள் நிற்கவும் நாற்காலி போடவும் முடியும். நாற்பது வருடம் ஒரே கட்டிலில் படுத்த தம்பதியை நோயாளிக் கட்டில் பிரித்துவிடுகிறது என்பதையும் பேச்சில் சேர்க்கவேண்டும். இரவில் கை நீட்டினால் இன்னொரு கை அகப்படுவது அவர்களுக்கு மருந்துக்குக் குறைந்ததல்ல. தனிக்கட்டில் தவிர்க்க முடியாதபோது, இணையின் கட்டிலையும் அதே உயரத்துக்கு வைத்து ஒட்டிப் போட முடியுமா என்று பார்க்கலாம். இவ்வளவு பேசியபின்னும் பல வீடுகளில் விட்டுப்போவது ஒன்றுதான். கட்டில் யாருக்கோ, அவரிடம் யாரும் கேட்பதில்லை. பேச்சுக் குழறினாலும் அவருக்குக் கருத்து இருக்கும். இத்தனை காலமும் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார், எந்தக் கையை ஊன்றி எழுந்தார், காலையில் கண் விழித்ததும் ஜன்னல் தெரியவேண்டுமா வாசல் தெரியவேண்டுமா என்பதையெல்லாம் அவரிடமே கேட்டுவிட்டு, பிறகு டேப்பை எடுத்து அவர் முழங்காலை அளக்கலாம்.